பட்டறையில் நிற்பவருக்கு எந்தத் திரை: வீட்டில் கட்டிய சிஎன்சி இயந்திரத்துக்கான இடைமுகங்களின் ஒப்பீடு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அண்ணன் நடத்தும் தச்சுப் பட்டறையில், நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய, கணினிக் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரூட்டர் ஒன்று இருக்கிறது. அலுமினியச் சட்டம், 600-க்கு 900 மில்லிமீட்டர் வேலைப் பரப்பு, நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள், ஸ்பிண்டில் (பிட்டை, அதாவது வெட்டும் அலகைச் சுழற்றும் மோட்டார்) இருக்க வேண்டிய இடத்தில் மரவேலைக்கான ஒரு சாதாரண ட்ரிம்மர், கட்டுப்பாட்டுக்கு அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் போர்டும் அதில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 என்ற நிரலும் என்பதுதான் அதன் அமைப்பு. வீட்டுப் பெயர்ப் பலகைகளும், பூஜையறைக் கதவுகளுக்கான பூவேலைப் பலகைகளும் தேக்கிலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்திலும் இதில் செதுக்கப்படுகின்றன. வெட்டும் வேலையில் இயந்திரத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதற்குக் கட்டளை அனுப்பும் மடிக்கணினித் திரையோடுதான் அண்ணனுக்கு நெடுநாள் தகராறு.

அந்தத் தகராறு முற்றியது ஒரு கதவுப் பலகையில். பருவெட்டு முடிந்து, மெல்லிய பிட்டை மாற்றிய பிறகு, ஆழத்துக்கான இசட் அச்சை மட்டும் ஜீரோ செய்ய (இப்போதைய இடமே தொடக்கம் என்று இயந்திரத்துக்குச் சொல்ல) வேண்டிய இடத்தில், பக்கத்திலேயே இருந்த மூன்று அச்சுகளுக்குமான ஜீரோ பொத்தானை அவர் அழுத்திவிட்டார். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, பொடி எழுத்து ஆங்கிலம். பிட் நின்றிருந்த இடமே புதிய தொடக்கப் புள்ளியாகிவிட, நுண்வெட்டு முழுவதும் நான்கு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. இரண்டு நாள் வேலை விறகுக்குப் போயிற்று. பலகையைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதை ஒரு தச்சன் பார்த்து அழுத்துறதுக்குன்னு யாருமே செய்யலையா?" அதற்குப் பதில் தேடிய கணக்குதான் இந்தக் கட்டுரை.

எதை வைத்து அளப்பது

மென்பொருள்களைப் பதிவிறக்கத் தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் அமர்ந்து, ஒரு பெயர்ப் பலகைக்கு அண்ணன் திரையில் என்னென்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டேன். ஹோமிங் (இயந்திரம் தன் மூலைக்குப் போய்த் தன் இடத்தை அறிதல்), பலகையின் மூலைக்குத் தலையை நகர்த்துதல், எக்ஸ்-ஒய் ஜீரோ, ஆழ ஜீரோ, கோப்பைத் திறந்து படத்தைச் சரிபார்த்தல், ஓட்டம், நடுவில் நிறுத்தித் தூசியை ஊதுதல், தொடர்தல், பிட் மாற்றம், மறுபடி ஆழ ஜீரோ, மறுபடி ஓட்டம். இவற்றில் உட்கார்ந்து, திரையைக் கண்ணால் பார்த்துச் செய்யும் வேலை கோப்பைச் சரிபார்ப்பது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் அவர் இயந்திரத்தின் அருகே நின்று, பிட்டின் முனையில் கண் வைத்து, ஒரு கையில் பலகையையோ தூசிக் குழாயையோ பிடித்தபடி செய்கிறார். ஆனால் நான் பார்த்த செயலிகளில் பெரும்பாலானவை திரையின் முக்கால் பங்கை முப்பரிமாணப் படத்துக்குக் கொடுத்துவிட்டு, ஜீரோவுக்கும் நிறுத்தத்துக்கும் ஒரு ஓரத்தை ஒதுக்குகின்றன.

ஆகவே என் அளவுகோல்கள் இவ்வாறு அமைந்தன: நின்றபடி, தூசி படிந்த விரலால், திரையை உற்றுப் பார்க்காமல் ஜீரோவும் நகர்த்தலும் செய்ய முடிய வேண்டும், நிறுத்தம் எந்த மென்பொருளையும் நம்பி இருக்கக் கூடாது, மின்சாரம் போய் வந்தால் வேலை பாழாகக் கூடாது, தமிழ் எழுத்து உடையாமல் தெரிய வேண்டும். இவற்றோடு, என் வேலை புதுச்சேரியில் என்பதாலும், 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பேருந்தில் வந்துதான் எதையும் சரிசெய்ய வேண்டும் என்பதாலும், நான் இல்லாமலேயே அண்ணன் மீட்டெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடுவது நல்லது. செயலியை மாற்றினால் வெட்டு மென்மையாகும் என்று சிலர் சொல்வதுண்டு. ஜிஆர்பிஎல்லில் அசைவைக் கணக்கிடுவதும் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புவதும் அர்டுயினோ செய்யும் வேலை. கணினியிலுள்ள செயலி, நொடிக்கு 115200 தரவுப் பிட் வேகத்தில் ஓடும் சீரியல் இணைப்பு வழியாக, வரிகள் காத்திருக்கும் போர்டின் 128 பைட் இடையகம் நிரம்பி வழியாமலும் காலியாகாமலும் ஜி-கோட் வரிகளை, அதாவது எங்கே எப்படி நகர வேண்டும் என்னும் கட்டளைகளை, ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு புனல் மட்டுமே. அந்த வரிசையில் நிற்காமல் உடனே கேட்கப்படும் தனி எழுத்துகளும் உண்டு: '?' நிலையைக் கேட்கும், '!' ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும், '~' மறுபடி ஓடவிடும். வரிகளைச் சீராக ஊற்றத் தெரிந்த எந்தப் புனலிலும் வெட்டு ஒன்றாகத்தான் இருக்கும். மாறுவது மனிதனுக்கும் புனலுக்கும் இடையிலான பக்கம் மட்டுமே. எனவே அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம்.

மடிக்கணினியிலேயே தொடர்வது

செலவே இல்லாத வழி, இருக்கும் மடிக்கணினியில் யுனிவர்சல் ஜி-கோட் சென்டரின் பிளாட்ஃபார்ம் பதிப்பை நிறுவுவது. ஜாவாவில் எழுதப்பட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளில் பலகங்களை இழுத்து நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாதவற்றை மூடிவிடலாம், மேக்ரோக்களுக்கு (ஒரே அழுத்தில் ஓடும் கட்டளைத் தொகுப்புகளுக்கு) நாமே பெயர் சூட்டலாம், ஏறக்குறைய எல்லாச் செயல்களுக்கும் விசைக் குறுக்குவழி கொடுக்கலாம். பாதியில் நின்ற வேலையைக் குறிப்பிட்ட வரியிலிருந்து தொடரும் வசதியும் இதில் இருக்கிறது. கம்பியில்லா எண்விசைப் பலகை ஒன்றை வாங்கி, அதன் விசைகள்மேல் தமிழில் ஒட்டுத்தாள் ஒட்டி, இயந்திரத்தின் சட்டத்தில் மாட்டிவிட்டால், சில நூறு ரூபாயில் ஒரு கைக்கட்டுப்பாட்டுப் பெட்டி கிடைத்துவிடுகிறது. தனியாளாக, தன் வீட்டு மாடியில், ஆங்கிலத்தில் தயக்கமின்றி வேலை செய்யும் ஒருவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே நான் சொல்வேன்.

எங்களுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம், விசைப் பலகையின் அழுத்தம் எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் போகும் என்பது. புதுப்பிக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு எழுந்து நின்றால், நிறுத்து என்று அழுத்தியது எங்கோ காற்றில் கரைந்துவிடும். மேலும், மடிக்கணினி உறங்கிப் போய் யூஎஸ்பி இணைப்பு அறுந்தால், மறுபடி இணைக்கும் கணத்தில் அர்டுயினோ ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும் என்பதால், ஓடிக்கொண்டிருந்த வேலையின் நிலை தொலைந்துவிடும். உறக்கத்தை அணைத்து வைக்கலாம்தான். ஆனால் கடைப் பையன் அதில் படம் பார்க்கத் தொடங்கினால் யார் தடுப்பது?

இதே வகையில் கேண்டில் என்ற செயலி எளிமையானது, சர்க்யூட் போர்டு செதுக்குவோருக்கு அதன் உயர வரைபட வசதி நன்கு பயன்படும். எங்களுக்குப் புதிதாக எதையும் தரவில்லை. பைத்தானில் எழுதப்பட்ட பிசிஎன்சி என்ற செயலி வசதிகளில் மிகப் பெரியது, ஆனால் அதன் திரை, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் டிகே கருவித்தொகுப்பின்மேல் கட்டப்பட்டது. லினக்ஸில் டிகே 8.6 தமிழ் போன்ற எழுத்துகளின் உயிர்க்குறிகளை இடம் மாற்றிக் கோக்கத் தெரியாதது. "கொ" என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நிற்கும். பொத்தானில் தமிழ் வேண்டும் என்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே டிகே செயலிகளைத் தள்ளி வைக்கலாம்.

உலாவி வழியாக

சிஎன்சிஜேஎஸ் என்பது நோட்.ஜேஎஸ்மேல் ஓடும் ஒரு வழங்கி (சர்வர்). ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியை இயந்திரத்தின் பெட்டிக்குள் வைத்து, யூஎஸ்பியில் அர்டுயினோவோடு இணைத்துவிட்டால், அதன் பக்கத்தைக் கைப்பேசி, டேப்லெட், மேசைக்கணினி எதன் உலாவியிலும் திறக்கலாம். இதன் சிறப்பு பலருக்கு முதலில் புரிவதில்லை: ஜி-கோட் வரிகளை ஊற்றுவது டேப்லெட் அன்று, பெட்டிக்குள் இருக்கும் பை. டேப்லெட்டின் மின்கலம் தீர்ந்தாலும், அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாடிக்கையாளரிடம் படம் காட்டப் போனாலும், வெட்டு நிற்பதில்லை. திரும்பி வந்து பக்கத்தைத் திறந்தால் ஓட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே காட்டும். பை தன் சொந்த வைஃபையை உருவாக்கிக்கொள்ளும் என்பதால் பட்டறைக்கு இணையமும் தேவையில்லை.

தமிழைப் பொறுத்தவரை, உலாவிகள் எழுத்தைச் சரியாகக் கோக்கும். மேக்ரோக்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம்; அதன் மொழிக் கோப்புகள் ஜேசன் என்ற எளிய உரை வடிவில் இருப்பதால் பொறுமை உள்ளவர் முழு இடைமுகத்தையும் மொழிபெயர்க்கலாம். நான் அந்த வழியில் போகவில்லை. நூற்றுக்கணக்கான சொற்களை மொழிபெயர்த்தாலும், அண்ணன் தொடுவது ஏழெட்டுப் பொத்தான்களைத்தான். வழங்கியைத் தொடங்கும்போது நாம் எழுதிய ஒரு வலைப்பக்கத்தையும் அதோடு சேர்த்து ஏற்றிவைக்கும் வசதி சிஎன்சிஜேஎஸ்ஸில் இருக்கிறது. அந்த வழியில் எட்டே பொத்தான்களும் பெரிய எழுத்தில் மூன்று எண்களும் கொண்ட ஒரு தமிழ்ப் பக்கத்தை எழுதினால் போதும். சீரியல் இணைப்பு, வரிசை, பிழைக் குறியீடு ஆகிய கடினமான வேலைகள் வழங்கியிடமே இருக்கும். இந்த இடைவழி இல்லாவிட்டால், முழுச் செயலியையும் நானே எழுதும் ஆசைக்கு இடம் கொடுத்திருப்பேன். ஒரு காலத்தில் பைத்தானில் அப்படி ஒன்றை எழுதியும் பார்த்தேன். வரிகளை அனுப்புவது ஒரு மாலை வேலை, இணைப்பு அறுந்தபோதும் அலாரம் எழுந்தபோதும் என்ன செய்வது என்பது முடிவே இல்லாத வேலை.

குறைகளும் உண்டு. தொடுதிரையில் விரலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தலை நகரும் வகை ஜாக் (பொத்தானால் தலையை நகர்த்துதல்) எனக்கு அச்சம் தருகிறது. விரலை எடுத்த செய்தி வைஃபையில் தொலைந்தால், நகர்வை ரத்து செய்யும் கட்டளை போர்டுக்குப் போகாமல், தலை தன் இலக்கு வரை போய்த்தான் நிற்கும். ஆகவே ஒரு தொடுதலுக்கு 10, 1, 0.1 மில்லிமீட்டர் என்ற அளவான அடிகளை மட்டுமே வைப்பது என்று முடிவு செய்தேன். நின்ற வேலையைக் குறிப்பிட்ட வரியிலிருந்து தொடர்வதிலும் சிஎன்சிஜேஎஸ் யுனிவர்சல் ஜி-கோட் சென்டரைவிடப் பின்தங்கியதே.

சிஎன்சிஜேஎஸ்ஸின் மூலநிரலிலிருந்து கிளைத்த ஜிசென்டர், கனடாவின் சியன்சி லேப்ஸ் நிறுவனம் வெளியிடுவது, அந்தக் குறையை நிரப்புகிறது. முதன்முறை பயன்படுத்துவோருக்கு அதன் திரை மிகத் தெளிவானது. ஆங்கிலத் திரையே போதும் என்பவருக்கு இரண்டில் இதையே பரிந்துரைப்பேன். எங்களுக்கு வேண்டியது திரையை இன்னும் குறைப்பது. நிறைந்த, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு திரையைவிடக் காலியான வழங்கியே அதற்கு வசதி.

போர்டையே மாற்றுவது

இரண்டு வழிகள் அர்டுயினோவைக் கழற்றச் சொல்கின்றன. முதலாவது ஃப்ளூயிட்என்சி. ஈஎஸ்பி32 சில்லில் ஓடும் இந்த நிரல், வைஃபையையும் வலைப்பக்கத்தையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கோப்பை எஸ்டி அட்டையிலிருந்து தானே படித்து ஓட்டுகிறது. யூஎஸ்பி கம்பியே இல்லை என்பது பெரிய நிம்மதி, ஏனென்றால் ட்ரிம்மரின் கார்பன் பிரஷ் கிளப்பும் மின்னிரைச்சல் முதலில் தாக்குவது அந்தக் கம்பியைத்தான். டாலர் குறியிட்ட எண்களால் அமைப்புகளை நினைவில் வைக்கும் ஜிஆர்பிஎல் முறைக்கு மாறாக, பெயரிட்ட வரிகள் கொண்ட ஒரு யாம்ல் கோப்பில் எல்லாம் எழுதப்படுகிறது. புதிதாக இயந்திரம் கட்டுபவர் என்னிடம் கேட்டால், ஊனோவை விட்டுவிட்டு இங்கிருந்தே தொடங்குங்கள் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு, தை மாதத்துப் புதுமனை ஆர்டர்கள் வரிசையில் நிற்கும்போது, வயரிங்கைப் பிரிக்க மனம் வரவில்லை.

இரண்டாவது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் நிஸ்ட் தேசிய ஆய்வகத்தில் 1990-களில் தொடங்கிய திட்டத்தின் வழித்தோன்றல் இது. கணினியே நிகழ்நேரத்தில் அசைவைக் கணக்கிடுவதால், இடைமுகத்தை அடியோடு மாற்றும் சுதந்திரம் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. ஆக்ஸிஸ், ஜிமோக்காபி, க்யூடிடிராகன் என்று பல முகங்கள் அதோடு வருகின்றன. தனிப் பலகங்களை நாமே சேர்க்கலாம். ஆனால் நிகழ்நேரக் கர்னலும் (நேரம் தவறாமல் வேலை செய்யும் இயங்குதள மையம்), தாமத அளவீட்டில் தேறும் கணினியும், பேரலல் போர்ட் அல்லது மேசா போன்ற தனி அட்டையும் வேண்டும். கடைசல் இயந்திரத்தையோ ஐந்து அச்சையோ ஓட்டும் பட்டறைக்கு அது தகும். பெயர்ப் பலகைக்கு, சைக்கிள் நிறுத்த கொட்டகைக்குப் பதில் மண்டபம் கட்டுவது போல.

திரைக்கு வெளியே

இந்த ஒப்பீட்டில் எனக்கே வியப்பாக இருந்தது, மிகப் பெரிய முன்னேற்றம் எந்த மென்பொருளிலும் இல்லை என்பதுதான். ஜிஆர்பிஎல் ஓடும் ஊனோவில் ஏ0, ஏ1, ஏ2 என்ற மூன்று முனைகள் முறையே ரத்து, பிடி, தொடர் என்ற வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சாதாரண அழுத்துப் பொத்தானை அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இணைத்தால் போதும். கணினி உறைந்தாலும், வைஃபை அறுந்தாலும் அது வேலை செய்யும். ஏ1-ஐ அழுத்தினால் தலை வேகத்தைக் குறைத்து, நிலையை இழக்காமல் நிற்கும். ஏ2-ஐ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஏ0-ஐ நாங்கள் இணைக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே அதை அழுத்தினால் நிலை தொலைந்து அலாரம் 3 எழும்; அவ்வளவு அவசரம் என்றால் ட்ரிம்மரின் மின்சாரத்தையும் சேர்த்தல்லவா துண்டிக்க வேண்டும்? அதற்குச் சிவப்புக் காளான் தலைப் பொத்தான் தனியே, மெயின் லைனில் இருக்கிறது.

கம்பி இழுப்பதில் ஒரு எச்சரிக்கை. போர்டின் உள் புல்-அப் (பொத்தான் அழுத்தாதபோது முனையை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) மிக வலுவற்றது. நீண்ட கம்பியில் ட்ரிம்மரின் இரைச்சல் ஏறி, யாரும் அழுத்தாமலே இயந்திரம் நின்றுவிடும். கவசக் கம்பியும், முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும், 5 வோல்ட்டுக்கு வெளிப்புறமாக ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் இதைத் தீர்த்தன. கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால் பொத்தான்களும், அச்சின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்சுகளும் மூடிய வகையாக இருக்க வேண்டும். மலிவான திறந்த மைக்ரோ ஸ்விட்சின் தகரம் எங்களிடம் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை.

மின்வெட்டுக்கும் இதே முனைதான் உதவியது. 2011-இன் தானே புயலுக்குப் பின் அண்ணன் வாங்கிய இன்வெர்ட்டர் கைவசம் இருந்தது. பை, போர்டு, மோட்டார் டிரைவர்கள் ஆகியவற்றை அதிலும், ட்ரிம்மரை மெயினிலும் பிரித்தோம். அப்படிச் செய்துவிட்டு அதோடு நின்றால் முன்னைவிட மோசம்: மின்சாரம் போனதும் ட்ரிம்மர் நின்றுவிட, சுழலாத பிட்டை இயந்திரம் மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் உடைக்கும். ஆகவே 230 வோல்ட் சுருள் கொண்ட ஒரு ரிலேயை மெயினில் வைத்து, மின்சாரம் போனால் மூடிக்கொள்ளும் அதன் தொடுமுனையை ஏ1-உடன் இணைத்தோம். இப்போது மின்சாரம் போன கணமே தலை நிற்கிறது. நிலை மாறாமல் காத்திருக்கிறது. ட்ரிம்மரின் சுவிட்சை உடனே அணைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம், இல்லையென்றால் மின்சாரம் வரும்போது அது தானாகவே சுழலத் தொடங்கும். இன்வெர்ட்டரும் தீர்ந்துபோகும் நாளில், ஜி54 ஆய ஜீரோ (பலகையின் தொடக்கப் புள்ளி) போர்டின் நினைவகத்தில் நிலைத்திருப்பதால், ஹோமிங் செய்தால் பலகையின் மூலை திரும்பக் கிடைக்கும். இதற்காக ஜீரோ மேக்ரோ ஜி10 எல்20 கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஜி92 கொண்டு வைத்த ஜீரோ மின்சாரத்தோடு போய்விடும். நீங்கள் எந்தச் செயலியைத் தேர்ந்தாலும் அதன் ஜீரோ பொத்தான் இவற்றில் எதை அனுப்புகிறது என்று ஒருமுறை கன்சோலில் பார்த்துவிடுங்கள்.

தேர்ந்தது

பெட்டிக்குள் பை, அதில் சிஎன்சிஜேஎஸ், பழைய டேப்லெட்டில் எட்டுப் பொத்தான் பக்கம், சட்டத்தில் இரண்டு கம்பிப் பொத்தான்கள் என்பதே முடிவு. கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் மடிக்கணினியில் முழுப் பக்கத்தைத் திறக்கிறார்கள். மூன்று அச்சுகளையும் ஒருசேர ஜீரோ செய்யும் பொத்தானைப் பக்கத்திலிருந்து அறவே நீக்கிவிட்டேன். அது தேவைப்படும் ஒரு சந்தர்ப்பம்கூட இதுவரை வரவில்லை. ஆழ ஜீரோவை இப்போது தொடுதகடு செய்கிறது: ஜி38.2 கட்டளை பிட்டை மெல்ல இறக்கி, தகட்டைத் தொட்டதும் நிறுத்துகிறது, பிறகு மேக்ரோ தகட்டின் தடிமனைக் கணக்கில் எடுத்து ஜீரோவை வைக்கிறது. பிட்டுக்கும் பலகைக்கும் நடுவே காகிதத்தை இழுத்துப் பார்க்கும் வேலை ஒழிந்தது.

பொத்தான்களின் பெயரில்தான் எங்களுக்குள் விவாதம் நடந்தது. நான் "இடைநிறுத்து", "தொடர்க", "தொடக்கப் புள்ளி அமை" என்று எழுதிக் கொண்டுபோனேன். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "இதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிட் உடைஞ்சிரும்" என்றார். அவர் சொன்னபடி இப்போது பச்சையில் "ஓடு", மஞ்சளில் "நில்", நீலத்தில் "மூலை ஜீரோ", அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேறு வடிவத்தில், "ஆழ ஜீரோ" என்று இருக்கிறது.